பல்லு டாக்டர்னாலே பயமா? மரப்பு ஊசி, சிரிப்பு வாயு, தூக்க மாத்திரை, முழு மயக்கம் பத்தி எங்க பக்கத்து ஜனங்க அடிக்கடி கேக்குற கேள்விங்க

நான் காட்பாடி பக்கம் ஒரு சின்ன பல் கிளினிக் வெச்சிருக்கேன். லத்தேரி, கே.வி.குப்பம், திருவலம், குடியாத்தம்னு சுத்துப்பட்டு ஊர்ல இருந்து வர்றாங்க. நெறைய பேரு மொகம் வீங்கினதுக்கு அப்புறம்தான் வர்றாங்க, அதுக்கு முன்னாடி ஆறு மாசம் கிராம்பு வெச்சு, உப்புத்தண்ணி கொப்புளிச்சு, மெடிக்கல்ல வலி மாத்திரை வாங்கிப் போட்டு ஓட்டியிருப்பாங்க. ஏம்மா இவ்ளோ நாள் விட்டீங்கன்னு கேட்டா டைம் இல்ல, பையன் கல்யாணம், மாடு கன்னு போட்டுச்சுன்னு ஏதேதோ சொல்லிட்டு கடைசில மெல்ல சொல்லுவாங்க, பயமா இருந்துச்சு டாக்டரம்மான்னு. கல்கத்தா பக்கத்துல இருந்தெல்லாம் ரெண்டு நாள் ரயில்ல வந்து காட்பாடில எறங்கி வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரியில வைத்தியம் பார்த்துட்டுப் போறாங்க, நம்ம ஜனங்க பத்து கிலோமீட்டர்ல இருந்துக்கிட்டு பயத்துல பல்ல விட்டுடறாங்களேன்னு எனக்கு மனசு ஆறவே மாட்டேங்குது. அதனால தினமும் வாயால சொல்றதை இங்க எழுதி வெக்கிறேன்.

மயக்க ஊசி போட்டா நான் தூங்கிடுவேனா? அப்பால எழுந்துக்குவேனா இல்லையா?

இந்தக் கேள்விதான் முதல்ல வரும், இதுல பாதி பயம் வார்த்தையால வர்றது. நம்ம ஊர்ல பல்லு மரத்துப்போக போடற ஊசியையும் "மயக்க ஊசி"ன்னுதான் சொல்றோம், ஆபரேஷன் தியேட்டர்ல ஆளையே தூங்க வெக்கிறதையும் "மயக்கம் குடுக்குறது"ன்னுதான் சொல்றோம். ரெண்டும் ஒண்ணு இல்லவே இல்ல. பல்லு புடுங்கறதுக்கு, ரூட் கெனாலுக்கு நாங்க போடறது பெரும்பாலும் லிக்னோகெய்ன்ங்கற மருந்து, அது போட்ட எடம் மட்டும் ரெண்டு மூணு மணி நேரம் மரத்துப் போகும், நீங்க முழிச்சிட்டுதான் இருப்பீங்க, பேசலாம், போன் வந்தா கூட பார்க்கலாம். தூங்கவும் மாட்டீங்க, அதனால "எழுந்துக்குவேனா"ங்கற கேள்வியே வராது. இந்தப் பதில் முழுக்க இதை நான் மரப்பு ஊசின்னே சொல்றேன், குழப்பம் வராம இருக்கட்டும்.

அதுக்கு மேல பயத்தைக் குறைக்கிறதுக்குன்னு தனியா சிலது இருக்கு. மூக்கு வழியா குடுக்குற சிரிப்பு வாயு, வாய் வழியா மாத்திரை, கை நரம்புல, அதாவது ரத்தக்குழாய்ல, போடற ஊசி, கடைசியா முழு மயக்கம். படி படியா ஏறிட்டே போற மாதிரி நெனச்சுக்கோங்க. மேல போகப் போக பயம் தெரியாது, ஆனா கூடவே ஆள் பார்த்துக்குறதும் அதிகமாகணும். ஒண்ணு மட்டும் மனசுல வெச்சுக்கோங்க, முதல் மூணுலயும் மரப்பு ஊசி கண்டிப்பா உண்டு, ஏன்னா அதெல்லாம் முக்கியமா பயத்தைத்தான் எடுக்கும், வலியை முழுசா எடுக்குறது மரப்பு ஊசிதான்.

எனக்கு பல்லு புடுங்கறது பயம் இல்ல, அந்த ஊசிதான் பயம். அதுக்கு இன்னா பண்றது?

ரொம்ப நியாயமான பயம். ஊசிக்கு முன்னாடி ஈறு மேல ஒரு மரப்பு ஜெல் தடவலாம், ஈறை பஞ்சால நல்லா தொடச்சு காய வெச்சு, ஜெல் வெச்சு ஒரு ரெண்டு நிமிஷம் காத்திருக்கணும், அந்த ரெண்டு நிமிஷம் காத்திருக்கிறதுலதான் எல்லாமே இருக்கு, தடவுன உடனே குத்துனா தடவாத மாதிரிதான். அப்புறம் ஊசி மருந்தை மெதுவா விடணும். வலிக்கறது முக்கால்வாசி ஊசி முனையால இல்ல, மருந்தை வேகமா உள்ள தள்றதால. "டாக்டர், கொஞ்சம் மெதுவா போடுங்க"ன்னு நீங்க கேக்கலாம், அது மரியாதைக் குறைவு இல்ல, கேளுங்க.

இன்னொரு விஷயம். மருந்துல அட்ரினலின் கொஞ்சம் கலந்திருக்கும், மரப்பு ரொம்ப நேரம் நிக்கவும் ரத்தம் கம்மியா வரவும். சில பேருக்கு ஊசி போட்ட உடனே நெஞ்சு படபடன்னு அடிக்கும், கை நடுங்கும், ஒண்ணு ரெண்டு நிமிஷத்துல அடங்கிடும். இதைத்தான் நெறைய பேரு "எனக்கு அந்த ஊசி ஒத்துக்கல, அலர்ஜி"ன்னு வருஷக்கணக்கா சொல்லிட்டு இருக்காங்க. லிக்னோகெய்னுக்கு உண்மையான அலர்ஜி ரொம்ப ரொம்ப அபூர்வம். ஆனாலும் போன தடவை என்ன ஆச்சோ அதை அப்படியே சொல்லுங்க, தடிப்பு வந்துச்சா, மூச்சு இறுக்குச்சா, இல்ல படபடப்பு மட்டுமான்னு. பார்த்து முடிவு பண்றது எங்க வேலை.

போன தடவை ஊசி போட்டும் உயிர் போற மாதிரி வலிச்சுது. அதுல இருந்து வர்றதே இல்ல.

இதைக் கேக்கும்போதெல்லாம் எனக்கு கஷ்டமா இருக்கும், ஏன்னா எனக்கே அது நடந்திருக்கு. நான் அஞ்சாவது படிக்கும்போது ஒரு கடவாப்பல் புடுங்க எங்கப்பா கூட்டிட்டுப் போனாரு, சரியா மரக்கவே இல்ல, நான் வலிக்குதுன்னு அழுதேன், ரெண்டு பேரு கையைப் புடிச்சுக்கிட்டாங்க, அவ்ளோதான். அந்த மருந்து வாசனை இன்னும் ஞாபகம் இருக்கு. பல்லு டாக்டருக்குப் படிச்சதுக்கு அப்புறம்தான் ஏன் மரக்கலன்னு எனக்கே புரிஞ்சுது.

சீழ் புடிச்ச எடத்துல அமிலத்தன்மை அதிகமா இருக்கும், அந்த எடத்துல மரப்பு மருந்து நரம்புக்குள்ள சரியா போகாது. ஆறு மாசம் கிராம்பு வெச்சு வீங்கினதுக்கு அப்புறம் வந்தா மரக்க கஷ்டப்படுறதுக்கு இதுதான் காரணம், பயந்து தள்ளிப்போடப் போட வலி ஜாஸ்தியாகுது, வலி ஜாஸ்தியானா பயம் ஜாஸ்தியாகுது. இதுக்கு வழி இருக்கு. வீக்கத்துக்கு தள்ளி நரம்பு வர்ற வழியிலேயே ஊசி போட்டு மரக்க வெக்கலாம், சீழை வெளிய எடுத்துட்டு தேவைன்னா மாத்திரை குடுத்து சில நாள் கழிச்சு வரச் சொல்லலாம், கூட ஒரு ஊசி போடலாம். மரத்துச்சான்னு தட்டிப் பார்க்காம ஆரம்பிக்கக் கூடாது. வலிச்சா வலிக்குதுன்னு சொல்லுங்க, "கொஞ்சம் பொறுத்துக்கோங்க"ன்னு சொல்றது வைத்தியம் ஆகாது.

என் பயம் எல்லாருக்கும் இருக்கறதுதானா, இல்ல எனக்கு மட்டும் ரொம்ப ஜாஸ்தியா?

இதை அளக்க அஞ்சே அஞ்சு கேள்வி இருக்கு, உலகம் பூரா பல் டாக்டருங்க பயன்படுத்தறது. நாளைக்கு பல்லு டாக்டர்கிட்ட போகணும்னா எப்படி இருக்கும், வெளிய சேர்ல காத்திருக்கும்போது எப்படி இருக்கும், பல்லு ராவுற மெஷின் வெக்கப் போறாங்கன்னா எப்படி, பல்லு சுத்தம் பண்ணப் போறாங்கன்னா எப்படி, ஈறுல ஊசி போடப் போறாங்கன்னா எப்படி. ஒவ்வொண்ணுக்கும் பயமே இல்லன்னா 1, உச்சகட்ட பயம்னா 5. கூட்டினா 5ல இருந்து 25க்குள்ள வரும். 19 இல்ல அதுக்கு மேல வந்தா அது ரொம்ப அதிகமான பயம், மனசைத் தேத்திக்கோன்னு சொல்லி அனுப்புற பயம் இல்ல. வீட்லயே போட்டுப் பாருங்க, அந்த நம்பரை டாக்டர்கிட்ட சொல்லுங்க. "எனக்கு 21 வந்துச்சு"ன்னு சொல்றது "பயமா இருக்கு"ன்னு சொல்றதை விட சில பேருக்கு ஈஸியா இருக்கு, அதுவும் ஆம்பளைங்களுக்கு. ராணிப்பேட்டை தோல் கம்பெனியில பெரிய மெஷின்ல வேலை பார்க்கறவரு, அவரு வாயால பயம்னு சொல்லவே மாட்டாரு, பேப்பர்ல 23 எழுதிக் குடுத்தாரு. அப்புறம் எல்லாம் சுலபமா போச்சு.

மருந்தே இல்லாம பயத்தைக் குறைக்க முடியாதா?

முடியும், என்கிட்ட வர்றவங்கள்ல நெறைய பேருக்கு இதுவே போதுது. முதல் விஷயம் கை சைகை. இடது கையைத் தூக்குனா நான் உடனே நிறுத்திடுவேன், எந்தக் கேள்வியும் கேக்க மாட்டேன். முதல் தடவை சும்மாவே தூக்கிப் பார்ப்பாங்க, நிஜமா நிறுத்தறேனான்னு பார்க்க, நான் நிறுத்துவேன், அப்புறம் பெரும்பாலும் தூக்கவே மாட்டாங்க. ரெண்டாவது, என்ன பண்ணப் போறேன்னு முன்னாடியே சொல்லி, அந்தக் கருவியைக் காட்டி, சத்தத்தைக் கேக்க வெச்சு, அப்புறம்தான் வாய்ல வெக்கிறது. குழந்தைங்களுக்குன்னு சொல்லித் தர்ற முறை இது, ஆனா அறுபது வயசுக்காரங்களுக்கும் அதே அளவுக்கு வேலை செய்யுது. காலைல முதல் அப்பாயிண்ட்மெண்ட் வாங்கிக்கோங்க, நாள் பூரா நெனச்சு நெனச்சு பயப்படத் தேவை இல்ல. காதுல ஹெட்செட் போட்டு உங்களுக்குப் புடிச்ச பாட்டு கேளுங்க, அந்த மெஷின் சத்தம்தான் சில பேருக்கு எல்லாத்தையும் விட மோசம்.

சிரிப்பு வாயுன்னா இன்னா? சிரிச்சிட்டே இருப்போமா?

பேருதான் அப்படி, யாரும் விழுந்து விழுந்து சிரிக்கறது இல்ல. நைட்ரஸ் ஆக்சைடுங்கற வாயு அது. மூக்கு மேல ஒரு சின்ன மாஸ்க் வெப்பாங்க, முதல்ல வெறும் ஆக்சிஜன், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா இந்த வாயுவை கலந்து ஏத்துவாங்க. ரெண்டு மூணு நிமிஷத்துல கை கால் லேசா, வெதுவெதுப்பா, மெதக்குற மாதிரி இருக்கும், யாரோ தூரத்துல பேசற மாதிரி கேக்கும், நீங்க முழிச்சிட்டுதான் இருப்பீங்க, வாயைத் தொறங்கன்னா தொறப்பீங்க. ஆக்சிஜன் 30 சதவீதத்துக்குக் கீழ எறங்காத மாதிரி மெஷின்லயே பூட்டு இருக்கும். வேலை முடிஞ்சதும் அஞ்சு நிமிஷம் வெறும் ஆக்சிஜன் குடுத்தா வந்த வாயு மூச்சுலயே வெளிய போயிடும், தலை தெளிஞ்சிடும். பயத்துக்கு குடுக்கறதுலயே சீக்கிரமா வர்றதும் சீக்கிரமா போறதும் இதுதான், அதான் எனக்கு இது மேல ஒரு தனி மரியாதை.

அதுவும் இந்த வாயு வலியை மறைக்கும்னு கண்டுபுடிச்ச கதை ஒரு பல் டாக்டரோட கதை. 1844 டிசம்பர் 10, அமெரிக்காவுல ஹார்ட்ஃபோர்டுங்கற ஊர்ல காசு வாங்கிட்டு ஜனங்களுக்கு இந்த வாயுவைக் குடுத்து வேடிக்கை காட்டற நிகழ்ச்சி நடந்துச்சு. வாயுவை இழுத்த ஒருத்தரு கால்ல அடிபட்டு ரத்தம் வந்தும் வலியே தெரியாம நடந்து போனாரு. அதைப் பார்த்த ஹொரேஸ் வெல்ஸ்ங்கற பல் டாக்டர் மறுநாளே அந்த வாயுவை தானே இழுத்துக்கிட்டு தன்னோட கடவாப்பல்லையே புடுங்க வெச்சாரு. அடுத்த வருஷம் பாஸ்டன்ல பெரிய டாக்டருங்க முன்னாடி செஞ்சு காட்டும்போது பேஷண்ட் முனகிட்டாரு, எல்லாரும் ஏமாத்து வேலைன்னு கத்தி அவரை அனுப்பிட்டாங்க. ஆனா அவரோட பழைய கூட்டாளி மார்ட்டன், அவரும் பல் டாக்டர்தான், 1846 அக்டோபர்ல ஈதர்ங்கற வேற ஒரு மயக்க மருந்தை வெச்சு அதே பாஸ்டன்ல செஞ்சு காட்டினாரு, அதுல இருந்துதான் உலகத்துல வலி இல்லாம ஆபரேஷன் பண்றதே பரவுச்சு. பல்லு வலியைப் பார்த்து மனசு கேக்காத ரெண்டு பேரால வந்தது இது, எங்க தொழிலுக்கு இதை விட பெருமை எனக்குத் தெரிஞ்சு இல்ல.

யாருக்கு இது ஆகாதுன்னா, சளி புடிச்சு மூக்கு அடைச்சிருந்தா உள்ள போகாது, இன்னொரு நாள் வாங்க. கர்ப்பத்தோட முதல் மூணு மாசம் வேணாம். கண்ணு ஆபரேஷன்ல கண்ணுக்குள்ள வாயு வெச்சிருந்தா கண்டிப்பா கூடாது, அதைச் சொல்லியே ஆகணும், பார்வைக்கே ஆபத்து. நுரையீரல் ரொம்ப மோசமா இருக்கறவங்க, பி12 சத்து ரொம்ப கம்மியா இருக்கறவங்க முன்னாடியே சொல்லணும். எல்லா கிளினிக்லயும் இந்த மெஷின் இருக்காது, போன் பண்ணி கேட்டுட்டுப் போங்க.

எங்க பாட்டி போடற தூக்க மாத்திரை வீட்ல கீது. ஒண்ணு போட்டுட்டு வந்துடட்டுமா?

வேணாம். தயவு செஞ்சு வேணாம். மாத்திரை குடுத்து பயத்தைக் குறைக்கறது உண்மையான முறைதான், டயசிபாம், அல்பிரசோலம், மிடசோலம் மாதிரி மருந்துங்க, டாக்டர் உங்க வயசு, எடை, நீங்க போடற வேற மாத்திரை எல்லாம் பார்த்து அளவு சொல்லுவாரு, வேலைக்கு அரை மணியில இருந்து ஒரு மணி நேரம் முன்னாடி போடணும், கூட ஆள் வரணும். ஆனா மாத்திரையில ஒரு கஷ்டம், உள்ள போனதுக்கு அப்புறம் கூட்டவும் முடியாது குறைக்கவும் முடியாது, ஒருத்தருக்கு ஒண்ணுமே தெரியாது, அதே அளவுல இன்னொருத்தர் தூங்கி வழிவாங்க. டயசிபாம் ஒடம்புல ரொம்ப நேரம் நிக்கும், மறுநாள் வரைக்கும் மதமதப்பு இருக்கும். வயசானவங்களுக்கு கம்மி அளவே போதும். ராத்திரி பெரிய குறட்டை விட்டு நடுவுல மூச்சு நின்னு நின்னு வர்றவங்களுக்கு இந்த மாத்திரை மூச்சையே குறைச்சிடலாம், இதை நீங்க சொன்னாத்தான் எங்களுக்குத் தெரியும், இல்ல உங்க வீட்டுக்காரங்க சொல்லணும்.

இந்த மூணு மருந்தும் ஷெட்யூல் எச்1 லிஸ்ட்ல இருக்கு. சீட்டு இல்லாம மெடிக்கல்ல குடுக்கவே கூடாது, குடுத்தா எழுதிக் குடுத்த டாக்டர், பேஷண்ட் பேரு எல்லாம் தனி ரிஜிஸ்டர்ல எழுதி மூணு வருஷம் வெச்சிருக்கணும். அவ்ளோ கவனமா குடுக்க வேண்டிய மருந்து அது. நீங்க சொல்லாம போட்டுட்டு வந்து, நாங்க தெரியாம வேற ஒண்ணு குடுத்தா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க.

ஒரு கட்டிங் போட்டுட்டு வந்தா தைரியமா இருக்குமே?

வராதீங்க. சரக்கும் தூக்க மருந்தும் சேர்ந்தா மூச்சு அடங்கிடும், ரத்தமும் நிக்க லேட்டாகும். குடிச்சிட்டு வந்தா நான் அன்னிக்கு தொடவே மாட்டேன். தெனமும் குடிக்கிற பழக்கம் இருந்தா அதை மறைக்காம சொல்லுங்க, திட்ட மாட்டோம், மருந்து அளவு அதைப் பொறுத்து மாறும்.

கை நரம்புல ஊசி போட்டு பண்றாங்களாமே, அது எப்படி?

ரொம்ப பயம் இருக்கறவங்களுக்கும், ஞானப்பல்லை எலும்புல இருந்து வெட்டி எடுக்கற மாதிரி நேரம் ஆகற வேலைக்கும் இது நல்லது. கை நரம்புல ஒரு ஊசி மாட்டி, பெரும்பாலும் மிடசோலம், கொஞ்சம் கொஞ்சமா குடுத்து, ரெண்டு நிமிஷம் பார்த்து, பேச்சு லேசா குழறுது, கண்ணு சொக்குதுன்னா அங்கயே நிறுத்திடுவாங்க. மாத்திரையில முடியாத அந்த அளவு பார்க்கறது இதுல முடியும். கூப்ட்டா பதில் சொல்லுவீங்க, ஆனா அப்புறம் வீட்டுக்குப் போய் கேட்டா "எப்போ புடுங்கினாங்க?"ன்னு கேப்பீங்க, நடந்ததே ஞாபகம் இருக்காது. பழைய மோசமான ஞாபகத்தால பயப்படறவங்களுக்கு இது பெரிய வரம்.

ஆனா இங்கதான் நான் உங்களை கெஞ்சி கேட்டுக்கறேன், எந்த மருந்துங்கறதை விட யாரு பார்த்துக்குறாங்கங்கறது முக்கியம். பல்லைப் பார்க்கற டாக்டரே மயக்கத்தையும் தனியா பார்த்துக்கக் கூடாது, உங்க மூச்சை மட்டும் பார்க்க பயிற்சி எடுத்த இன்னொரு ஆளு இருக்கணும், மயக்க டாக்டர் வந்தா இன்னும் நல்லது. விரல்ல மாட்ற கிளிப், கொரோனா டைம்ல ஆளாளுக்கு வாங்கி வெச்சிருந்தோமே அதே தான், அது ஆரம்பத்துல இருந்து முடிவு வரைக்கும் மாட்டியிருக்கணும், அதனால நெயில் பாலிஷை அழிச்சிட்டு வாங்க. பிபி மெஷின், ஆக்சிஜன் சிலிண்டர், மாஸ்க், மிடசோலத்தோட வேலையை முறிக்கிற ஃப்ளூமசெனில்ங்கற மருந்து, இதெல்லாம் அந்த ரூம்லயே இருக்கணும், பக்கத்து மெடிக்கல்ல இருந்து ஓடிப்போய் வாங்கற மாதிரி இருக்கக் கூடாது. கேளுங்க. "மயக்கத்தை யாரு பார்த்துப்பாங்க, ஆக்சிஜன் எங்க இருக்கு, ஏதாச்சும் ஆனா எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவீங்க?" இந்த மூணையும் கேட்டா கோவப்படற எடத்துல படுக்காதீங்க. என் கிளினிக்ல நான் நரம்பு ஊசி போடறது இல்ல, தேவைப்படறவங்களை மயக்க டாக்டர் இருக்கற பெரிய எடத்துக்கு சீட்டு எழுதி அனுப்பிடறேன், அதுல எனக்கு எந்தக் கூச்சமும் இல்ல.

சாப்ட்டு வரணுமா, வெறும் வயித்துல வரணுமா?

இதுல எல்லாரும் மாத்தி செய்யறாங்க. மரப்பு ஊசி மட்டும்னா நல்லா நாஷ்டா சாப்ட்டுட்டு வாங்க. வெறும் வயித்துல பயத்தோட வந்து உக்காந்தா ஊசி போட்ட உடனே கண்ணு இருட்டி சாஞ்சிடுவாங்க, அது மருந்தால இல்ல, பசியும் பயமும் சேர்ந்து. அதுவும் நம்ம ஊரு மே மாச வெயில்ல பஸ்ல நின்னுட்டு வந்தவங்கன்னா சொல்லவே வேணாம்.

நரம்பு ஊசி இல்ல முழு மயக்கம்னா அதுக்கு நேர் எதிர். இட்லி மாதிரி லேசான சாப்பாட்டுக்கு அப்புறம் 6 மணி நேரம், வெறும் தண்ணிக்கு 2 மணி நேரம் இடைவெளி வேணும். எண்ணெய், கறி சாப்ட்டா 8 மணி நேரம், அதனால முந்தின நாள் ராத்திரி பதினோரு மணிக்கு ஆம்பூர் பிரியாணி சாப்ட்டுட்டு காலைல ஆறு மணிக்கு வந்து நிக்காதீங்க. பால் கலந்த டீ, காப்பி தண்ணி கணக்குல வராது, சாப்பாட்டுக் கணக்கு. மயக்கத்துல வயித்துல இருக்கறது மேல வந்து நுரையீரலுக்குள்ள போயிட்டா உயிருக்கே ஆபத்து, அதுக்காகத்தான் இவ்ளோ கண்டிப்பு. "ஒரு வாய் டீ தானே"ன்னு மறைக்காதீங்க, சொன்னா தள்ளித்தான் வெப்பாங்க.

முழு மயக்கம் எப்போ தேவைப்படும்?

சின்னக் குழந்தைக்கு ஏழெட்டு பல்லு சொத்தையா இருந்து ஒரே நாள்ல முடிக்கணும்னா, ஆட்டிசம், மூளை வளர்ச்சிக் குறைபாடு இருந்து சேர்ல உக்கார முடியாதவங்களுக்கு, தாடை ஆபரேஷனுக்கு, வேற எந்த முறையும் ஒத்து வராத பயத்துக்கு. இது ஆஸ்பத்திரி தியேட்டர்ல, மயக்க டாக்டர் கூட இருந்து, மூச்சுக்குழாய்ல டியூப் வெச்சு செய்யறது. முன்னாடியே ரத்த டெஸ்ட், செக்கப் எல்லாம் இருக்கும். நம்ம வேலூர்ல சிஎம்சி இருக்கு, அடுக்கம்பாறையில கவர்மெண்ட் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி இருக்கு, மத்த ஊர்க்காரங்க இதுக்காக ஊர் விட்டு ஊர் போறாங்க. ஒரு பல்லு புடுங்கறதுக்கு எடுத்த உடனே முழு மயக்கம் கேக்காதீங்க, கீழ் படிங்க எல்லாம் பார்த்துட்டு கடைசியா வர்ற எடம் அது.

குழந்தைக்கு தூங்கற சிரப் குடுத்து கூட்டிட்டு வரட்டா?

வீட்ல குடுக்கவே கூடாது. குழந்தைக்கு மூச்சுக்குழாய் சின்னது, கொஞ்சம் அளவு மாறினாலும் ஆட்டோவுலயே மூச்சு அடைக்கலாம், யாருக்கும் தெரியாது, தூங்குதுன்னு நெனப்பீங்க. குடுக்கணும்னா கிளினிக்ல, டாக்டர் முன்னாடி, கிளிப் மாட்டிக்கிட்டுதான். அதை விட பெரிய உதவி நீங்க செய்யலாம், "சாப்பிடலன்னா டாக்டர்கிட்ட ஊசி போடச் சொல்லிடுவேன்"னு மெரட்டாதீங்க. "வலிக்கவே வலிக்காது"ன்னும் சொல்லாதீங்க, வலின்னு ஒண்ணு இருக்குன்னு அப்போதான் அது யோசிக்கும். "டாக்டர் உன் பல்லை எண்ணப் போறாங்க"ன்னா போதும். மரத்த வாயோட வீட்டுக்குப் போனா உதட்டைக் கடிச்சுப் புண்ணாக்கிடும், மரப்பு போற வரைக்கும் சாப்பிடக் குடுக்காம பக்கத்துலயே இருங்க.

சுகர், பிபி, ஆஸ்துமா, மாசமா இருக்கறவங்க?

சுகர் இருந்தா மாத்திரை, இன்சுலின் போட்டுட்டு பட்டினி கெடந்தா சர்க்கரை தாழ்ந்து மயங்கிடுவீங்க, அதனால நரம்பு ஊசிக்கு முன்னாடி சுகர் டாக்டர்கிட்ட அன்னிக்கு என்ன பண்றதுன்னு கேட்டுட்டே வாங்க. பிபி மாத்திரையை டாக்டர் நிறுத்தச் சொன்னாலொழிய நிறுத்தாதீங்க, ரத்தம் உறையாம இருக்க போடற மாத்திரையை பல்லுக்காக நீங்களா நிறுத்தறது இன்னும் மோசம். ஆஸ்துமாக்காரங்க இன்ஹேலரை பையில வெச்சுட்டு வாங்க. கர்ப்பமா இருந்தா நாலுல இருந்து ஆறு மாசம் பல்லு வைத்தியத்துக்கு நல்ல நேரம், லிக்னோகெய்ன் மரப்பு ஊசி போட்டுக்கலாம், தூக்க மருந்துங்களை தவிர்க்கணும். சீழோட பத்து மாசமும் இருக்கறதுதான் தாய்க்கும் புள்ளைக்கும் கெடுதல்.

மேல் பல்லு புடுங்கினா கண்ணு போயிடுமாமே?

போகாது. கண்ணுக்குப் பார்வை குடுக்கற நரம்பு வேற, மேல் பல்லுக்குப் போற நரம்பு வேற. பல்லு புடுங்கற வயசும் வெள்ளெழுத்து, புரை வர்ற வயசும் ஒண்ணா இருக்கறதால ஊர்ல முடிச்சுப் போட்டுட்டாங்க.

வாய்ல ஏதாச்சும் வெச்சாலே குமட்டுது. அதுக்கும் மயக்கம்தானா?

எடுத்த உடனே வேணாம். மூக்கால மெதுவா மூச்சு விட்டுட்டு ஒரு காலை லேசா தூக்கி வெச்சுக்கோங்க, கவனம் அங்க போயிடும். நாக்கு நுனில கொஞ்சம் உப்பு வெச்சா சில பேருக்கு நிக்குது. அப்பவும் முடியலன்னா சிரிப்பு வாயு நல்லா உதவும்.

முடிஞ்சதும் எப்படி வீட்டுக்குப் போறது?

மரப்பு ஊசி மட்டும்னா நீங்களே போகலாம், வண்டி ஓட்டலாம். சூடா டீ மட்டும் மரப்பு போனதுக்கு அப்புறம் குடிங்க, சுட்டாலும் தெரியாது. மாத்திரை, நரம்பு ஊசின்னா கூட ஒரு பெரிய ஆளு வரணும், 24 மணி நேரம் வண்டி ஓட்டக் கூடாது, அடுப்புல எண்ணெய் வெச்சு வேலை செய்யக் கூடாது, பத்திரத்துல கையெழுத்துப் போடக் கூடாது. பைக் பின்னாடி உக்காந்தும் போகாதீங்க, மகன் பைக் எடுத்துட்டு வந்து நிப்பான், அம்மா பின்னாடி தூங்கி விழுந்தா யாரு புடிக்கறது, ஆட்டோ இல்ல கார் புடிங்க. ராத்திரி ரூம் கதவைத் தாப்பா போடாதீங்க.

செலவு ரொம்ப ஆகுமா?

மரப்பு ஊசி பல்லு வைத்தியத்துக் கூலியிலயே சேர்ந்துடும். மேல ஏற ஏற காசும் ஏறும், ஏன்னா மருந்துக்கு இல்ல, மயக்க டாக்டருக்கும், மெஷினுக்கும், நேரத்துக்கும். எவ்ளோன்னு முன்னாடியே எழுதி வாங்கிக்கோங்க.

எங்கம்மா கிளினிக் வாசல் வரைக்கும் வந்துட்டு திரும்பிப் போயிடறாங்க. எப்படி கூட்டிட்டு வர்றது?

எங்கம்மாவும் அப்படித்தான், பல்லு டாக்டரைப் பெத்தவங்க. கீழ்ப்பல் ஆடிட்டே இருந்துச்சு, ரெண்டு வருஷம் ஒரு பக்கமாவே மென்னாங்க, கேட்டா நல்லாத்தான் இருக்குன்னாங்க. நான் திட்டிப் பார்த்தேன், அழுது பார்த்தேன், ஒண்ணும் நடக்கல. அப்புறம் ஒரு நாள் மத்தியானம் ஆளு இல்லாத நேரமா, சும்மா சாப்பாடு கொண்டு வான்னு வரச் சொன்னேன். சேர்ல உக்காந்து ரெண்டு பேரும் சாப்ட்டோம், அவ்ளோதான், வீட்டுக்கு அனுப்பிட்டேன். அடுத்த வாரம் திரும்ப வந்தாங்க, அன்னிக்கு சேரை மேல கீழ ஏத்தி எறக்கிக் காட்டினேன், லைட்டைப் போட்டேன், கண்ணாடியைக் கைல குடுத்து அவங்களையே அவங்க பல்லைப் பார்க்கச் சொன்னேன். ஊசின்னு ஒரு வார்த்தை பேசல. மூணாவது தடவை அவங்களாவே வாயைத் தொறந்து, "அந்த ஜெல்லை நல்லா தடவிட்டு செய்டி"ன்னாங்க. ரெண்டு நிமிஷம் கடிகாரத்தைப் பார்த்துட்டு நின்னேன்.